வாட்டம் பார்த்துவிட்டுப் பெயின்ட் வாங்கலாம்

2023 டிசம்பர் 17 காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கப் பார்க்கும் மழையைவிட அது அதிகம். கணக்குப் போட்டால், ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றின்மேல் மட்டும் அந்த ஒரு நாளில் விழுந்த தண்ணீர் ஏறத்தாழ 88,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் ஏழு டேங்கர் லாரிகளைக் கொண்டுவந்து மேலே கவிழ்த்த மாதிரி.

அப்படிப்பட்ட மழையும், போக வழி இருக்கிற மாடியில், வந்த வேகத்தில் இறங்கிப் போய்விடும். வீட்டைக் கெடுப்பது வேறு மழை. ஐப்பசி மாதத்துச் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் பெய்து ஓய்கிற சாதாரண மழை. அது போகும்போது மாடியின் ஏதோ ஒரு மூலையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குட்டையை விட்டுப் போகிறது. மறுநாள் வெயிலில் பாதி வற்றுகிறது. அன்றிரவே மறுபடி நிரம்புகிறது. நாலைந்து ஆண்டு கழித்து அந்தத் தட்டுதான் கூடத்து ஃபேனைச் சுற்றி மஞ்சள் வளையமாகக் கீழே வந்து சேர்கிறது.

வளையத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் நேராகப் பெயின்ட் கடைக்குப் போகிறார். இருபது லிட்டர் வெள்ளை வாட்டர் ப்ரூஃப் டப்பா ஒன்று வாங்கி, தெரிந்த பெயின்டரைப் பிடித்து அடிக்கிறார். இரண்டு மழைக்காலம் தாங்குகிறது. மூன்றாவதில் மஞ்சள் வளையம் திரும்பி வருகிறது, கொஞ்சம் பெரிதாக. மறுபடி டப்பா. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் வீட்டுக்காகச் செய்யும் செலவுகளில் இவ்வளவு வீணானது வேறு ஒன்று இருக்குமா என்பது சந்தேகம். கோளாறு இருப்பது தளத்தின் வாட்டத்தில். மருந்து பூசப்படுவது அதன் தோலில்.

வாட்டம் என்றால் தண்ணீர் தானாக ஓடுவதற்குத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவு. நூறு அடிக்கு ஓரடி என்பது பொதுவான கணக்கு. முப்பதடி நீள மாடி என்றால் ஒரு முனைக்கும் குழாய் இருக்கும் முனைக்கும் மூன்றரை அங்குலத்துக்கு மேல் உயர வித்தியாசம் இருக்க வேண்டும். நின்று பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. அதனால்தான் நம் மொழியில் இந்தக் கூரைக்கு மொட்டை மாடி, மெத்தை, தட்டட்டி, தார்சு என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தும், எல்லாப் பெயரும் தட்டையான ஒன்றையே சுட்டுகின்றன. உண்மையில் முழுத் தட்டையாக இருக்கும் மாடி, கட்டி முடிக்காத மாடி.

ஒட்டு, அதாவது கான்கிரீட் கூரை, போடுகிற நாள் வீட்டில் திருவிழா மாதிரி. கலவை மெஷின் உறுமும், வைப்ரேட்டர் ஓடும், மேஸ்திரிக்கு வேட்டி துண்டு, எல்லோருக்கும் பிரியாணி. மறுநாள் மணலும் சிமென்டும் குழைத்துப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். சாதாரண சிமென்டுக்கு ஏழு நாள், சாம்பல் கலந்த பிபிசி வகைக்குப் பத்து நாள் குறையாமல் ஈரம் காக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456. வெயில் கடுமையாக இருந்தால் அதற்கும் மேல். இதுவரை யாரும் பெரிதாகக் குறை வைப்பதில்லை. பாத்தியில் நிற்கும் நீர் இன்னொரு உதவியும் செய்கிறது. கான்கிரீட் சரியாகக் கெட்டிப்படாமல் தேன்கூடு மாதிரி பொத்தல் விட்ட இடம் இருந்தால், கீழே சொட்டிக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த நாட்களில் டார்ச்சை எடுத்துக்கொண்டு சென்ட்ரிங் முட்டுகளுக்கு நடுவே நுழைந்து, பலகை இடுக்குகளை அண்ணாந்து பார்க்கிற வீட்டுக்காரர் அரிது.

ஒட்டு என்பது வீட்டின் எலும்பு. வெயிலையும் மழையையும் நேராக வாங்க அது படைக்கப்படவில்லை. அதன்மேல் ஒரு தோல் வேண்டும். அதற்குப் பெயர் சுர்க்கித் தளம்; பொதுப்பணித் துறை மதிப்பீடுகளில் வெதரிங் கோர்ஸ். இருபது மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்த செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கிடையாது. சராசரி கனம் மூன்று அங்குலம். அதன்மேல் ஒன்பது அங்குலச் சதுரத் தட்டோடு, ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில், நீர்த்தடுப்புப் பொடி சேர்த்து. தமிழ்நாட்டு அரசுக் கட்டடங்களின் மதிப்பீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் வாசகம் இது.

இதில் 'சராசரி' என்ற சொல்லில்தான் சூட்சுமம். மூன்று அங்குலத்தை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் போட்டால் அது சராசரி அல்ல. தண்ணீர் எந்தப் பக்கமும் போகாது. குழாய் ஓரத்தில் ஒன்றேகால் அங்குலத்தில் தொடங்கி எதிர் மூலையில் ஐந்து அங்குலத்தை நெருங்க வேண்டும். நல்ல கொத்தனார் முதலில் டியூப் லெவல் பிடித்துக் கைப்பிடிச் சுவரைச் சுற்றி மட்டம் குறிப்பார். பிறகு ஆறடிக்கு ஒன்றாகக் கலவையில் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி நூல் கட்டுவார். நூல் போகிற போக்குதான் வாட்டம். ஜல்லி கொட்டுவதற்கு முன்னாலேயே அரை நாள் வேலை இது. கூலிக்கு ஆள் நிற்கிறது, கலவை இறுகுகிறது, ஒப்பந்தக்காரர் போனில் அவசரப்படுத்துகிறார். 'தண்ணி தானா ஓடிரும் சார்' என்ற வாக்கியம் பிறப்பது அந்த அரை நாளில்தான்.

சுண்ணாம்பு இருந்த காலத்தில் வேலை இன்னும் மெதுவாக நடந்தது. ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பியபின் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நகர்வார்கள். பாட்டும் அடியும் ஒரே தாளத்தில் போகும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் தெளிப்பார்கள். கட்டை பதியாமல் துள்ளத் தொடங்கினால்தான் தளம் இறுகியதாகக் கணக்கு. அதற்குச் சில நாட்கள் ஆகும். இன்று பெரும்பாலான இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட், கட்டைக்குப் பதில் காலால் ஒரு மிதி. சிமென்ட் சீக்கிரம் இறுகும், இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் மயிரிழை விரிசல் விடும். சுண்ணாம்பு மெதுவாக இறுகுவது குறை அல்ல. சின்ன விரிசலில் தண்ணீர் இறங்கும்போது கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து அடைத்துக்கொள்ளும். சுட்ட செங்கல் வெப்பத்தையும் கான்கிரீட்டைவிடக் குறைவாகவே கடத்தும். ஒரே தோல், இரண்டு வேலை.

சென்னையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் இன்னும் நிற்கிற மெட்ராஸ் டெரஸ் இந்த அறிவின் மூத்த வடிவம். தேக்கு உத்திரங்களின்மேல் கட்டைகளை அடுக்கி, மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சாய்வுக்கோட்டில் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கும் மேல் தட்டோடு. கம்பி கிடையாது, அதனால் துருவும் கிடையாது. நூறு வயதைத் தாண்டிய மெட்ராஸ் டெரஸ் பெரும்பாலும் சாவது மரத்தில்: எங்கோ ஓர் ஓடு பெயர்ந்து, ஒழுகி, உத்திரத்தின் முனை சுவருக்குள் இருக்கும் இடத்தில் உளுத்துவிடும்.

கோயில்களைப் பார்த்தால் இன்னும் தெளிவு. மண்டபக் கூரை கருங்கல் பலகை. அதற்கு ஆயுள் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கல்லின்மேல் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கத்தில், திருப்பணிப் பட்டியலில் தளவரிசை பழுதுபார்ப்பதும் தட்டோடு பதிப்பதும் தவறாமல் இடம்பெறும். கல்லால் கட்டியவனே மேல்தளத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு என்று தவணை வைத்திருக்கும்போது, கான்கிரீட் வீட்டுக்காரர் ஒருமுறை போட்டதோடு ஆயுளுக்கும் ஆயிற்று என்று நினைப்பது கொஞ்சம் அதிகப்படி.

தட்டைக் கூரையின் இந்தச் சாபம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. நவீனக் கட்டடக் கலையின் பிதாமகர்களில் ஒருவரான லெ கொர்பூசியே, பாரிஸுக்கு வெளியே சவோய் குடும்பத்துக்குக் கட்டிய மாளிகை 1931-இல் முடிந்தது. உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் படம் வரைந்து பழகும் வீடு. வீட்டுக்கார அம்மையாருக்கோ அது மழை பெய்தால் ஒழுகும் வீடு. கட்டியவருக்குக் கடிதம் எழுதி எழுதிச் சலித்துப்போனார். பின்னாளில் சண்டிகரைக் கட்டிய அதே மனிதர்தான். மேதைக்கும் தண்ணீர் சலுகை கொடுப்பதில்லை.

இனி, மாடியில் தண்ணீர் எப்படி உள்ளே இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். பத்து மீட்டர் நீள ஒட்டு, விடியற்காலைக் குளிருக்கும் பிற்பகல் வெயிலுக்கும் இடையே முப்பது டிகிரி சூடேறினால், ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளும். ராத்திரி சுருங்கும். தினமும் இந்த மூச்சு நடக்கிறது. ஒட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் கைப்பிடிச் சுவர் செங்கல். அது அதே அளவுக்கு நீள்வதில்லை. இரண்டும் சேரும் கோட்டில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பதால் அங்கே முதலில் விரிசல் விடும். பழைய கொத்தனார்கள் அந்த மூலையைச் செங்கோணமாக விடாமல், காரையை உருட்டிப் பூசி வளைத்துவிடுவார்கள். தட்டோட்டையும் சுவரில் சில அங்குலம் ஏற்றிச் சொருகுவார்கள். இன்று வளைவும் இல்லை, ஏற்றமும் இல்லை. பெயின்டர் ரோலர் அந்த மூலைக்குள் புகுவதும் இல்லை.

அடுத்தது குழாய் வாய். சுவரில் துளை போட்டு நாலு அங்குலப் பிவிசி குழாயைச் செருகும்போது அது தளத்தைவிடக் கால் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அரை அங்குலம் உயர்ந்து உட்கார்ந்திருக்கும். தளம் முழுக்க வாட்டம் சரியாக இருந்தும், கடைசி அரை அங்குலத்தில் தண்ணீர் ஒரு வாசற்படியில் முட்டி நிற்கிறது. வேப்பிலை, பிளாஸ்டிக் உறை, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு எல்லாம் அங்கேதான் சேரும். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபின் மாடி நீரையெல்லாம் ஒரே தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சில வீடுகளில் இருந்த நாலு குழாயில் மூன்றை அடைத்ததும் உண்டு. சட்டத்தின் நோக்கம் நல்லது. அடைத்த கை வாட்டத்தை மாற்றவில்லை.

குழாய் முழுக்க அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆள் ஏறி இறங்கும் மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். பதினைந்து சென்டிமீட்டர், அதாவது அரையடி நீர் தேங்கினாலே அந்த 150 கிலோ தீர்ந்துவிடும். ஆயிரம் சதுர அடிக்குப் பதினான்கு டன். கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம் என்பதை நினைத்துக்கொண்டால், ஒரு கைப்பிடி இலைக் குப்பையின் கனம் புரியும்.

உள்ளே இறங்கிய தண்ணீர் நேராகக் கீழே வருவதில்லை. ஒட்டுக்குள் கம்பிகளோடு மின்சாரக் குழாய்களையும் புதைத்திருக்கிறார்கள். விரிசல் வழி இறங்கிய நீருக்கு அந்தக் குழாய் ராஜபாட்டை. ஓடிப்போய் ஃபேன் கொக்கி இருக்கும் பெட்டியில் சொட்டும். அதனால்தான் மஞ்சள் வளையம் நடுக்கூடத்தில் இருக்க, ஓட்டை பத்தடி தள்ளிக் கைப்பிடிச் சுவர் மூலையில் இருக்கிறது. வளையத்துக்கு நேர் மேலே போய்ச் சிமென்ட் அப்புவது, தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போல. கீழிருந்து சீலிங்கில் பட்டி பார்த்து வெள்ளையடிப்பது அதைவிட மோசம். கறை மறையும், ஈரம் உள்ளேயே அடைந்து கம்பியைத் தின்னும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கம்பி ஊதி, கான்கிரீட்டைத் தள்ளி, ஒருநாள் சீலிங் பொரிந்து கட்டிலில் விழும். கடற்கரை ஊர்களில், உப்புக் காற்றால் இது இன்னும் சீக்கிரம்.

இந்த நிலைமையில் டப்பாக்களுக்கு என்ன வேலை? வேலை உண்டு, அளவோடு. அக்ரிலிக் பூச்சு சரியாக அடித்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். பாலியூரித்தேன் பூச்சு அதைவிட நெகிழ்வானது, விலையும் கூடுதல். வெயில் படாமல் மேலே ஒரு காப்பு இருந்தால் பத்தாண்டை எட்டும். தார் கலந்த ஏபிபி விரிப்பைக் கேஸ் டார்ச் சுடரால் உருக்கி ஒட்டுவார்கள். மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனம், ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று நாலு அங்குலமாவது ஏற வேண்டும். பத்தாண்டு வரும். ஆனால் ஒரு மடிப்பில் வாய் திறந்துவிட்டால், விரிப்புக்கு அடியில் தண்ணீர் எங்கெல்லாம் போகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மேலைநாடுகளில் ஈபிடிஎம் என்ற ரப்பர் விரிப்பு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் கிடக்கிறது. அங்கே மாடியில் யாரும் வடாம் காயவைப்பதில்லை, தீபாவளிக்கு ஆயிரம்வாலாவும் வெடிப்பதில்லை.

டப்பா தோற்பது பெரும்பாலும் டப்பாவுக்குள் நடக்கும் குற்றத்தால் அல்ல. பாசியைச் சுரண்டாமல், ஈரம் காயாமல், மழைக்கு இரண்டு நாள் முன்னால் அடித்தால் வெயில் வந்ததும் கொப்புளம் கட்டி உரியும். விரிசலைக் கீறி அகலப்படுத்தி, நிரப்பி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணி வைத்து அடிக்க வேண்டிய இடத்தில் வெறும் ரோலர் ஓட்டம். லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். பெயின்டர் தண்ணீர் கலந்து அதை இரட்டிப்பாக்கிக் காட்டுவார், வீட்டுக்காரரும் பெயின்ட் மிச்சம் என்று மகிழ்வார். இதற்கெல்லாம் மேலாக, தினமும் நீர் தேங்கும் இடத்தில் அக்ரிலிக் பூச்சு நிலைக்காது. தேங்காத இடத்திலோ அது அவ்வளவாகத் தேவைப்படாது. கடைக்காரர் இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வதில்லை.

வெள்ளைப் பூச்சால் வெப்பம் குறைகிறதே என்று கேட்கலாம். குறைகிறது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. மேல்மாடி வீட்டில் அந்த வித்தியாசம் தெரியும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது அதனால்தான். தூசி படிந்தால் பலன் போய்விடும் என்பதால் கழுவித்தான் வைக்க வேண்டும். வெப்பத்துக்காக அடிப்பவர் வெப்பத்துக்காக அடிக்கட்டும். ஒழுகலையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்ப்பதுதான் தவறு.

தட்டோடு பழசாகி ஒழுகும் வீடுகளில் இன்னொரு அவசரத்தையும் பார்க்கலாம். பெயர்த்து எடுப்பது தூசி, சத்தம், குப்பை லாரி என்று தொல்லை. அதனால் பழைய தளத்தின்மேலேயே புதுச் சுர்க்கி. மூன்று அங்குலச் சுர்க்கித் தளம் சதுர மீட்டருக்கு 140 கிலோ அளவுக்குக் கனக்கும். முப்பது ஆண்டுக்கு முன் யாரோ கணக்கிட்ட ஒட்டின்மேல், மாடி நிறைய ஆட்கள் நிரந்தரமாகக் குடியேறியதற்குச் சமம் இது. பழையதை எடுத்துவிட்டுப் போடுவது ஒன்றுதான் வழி. எடுக்கும்போது டிரில்லிங் மெஷினால் ஒட்டையே அதிர வைக்காமல் உளியால் எடுக்க வேண்டும். மாடித் தோட்டத்துக்கும் இதே கணக்கு. ஓரடி ஈர மண் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். தளத்தின்மேல் நேராக மண் கொட்டிப் புல் வளர்ப்பது அழகு. பைகளில், சுவர் ஓரமாக, அடியில் காற்றுப் புகும்படி ஸ்டாண்டு போட்டு வளர்ப்பது புத்தி. கைப்பிடிச் சுவர் விரிசலில் தானாக முளைக்கும் அரசங்கன்றை யாரும் தோட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேலே கிள்ளினால் அது மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து அந்த இடத்தை அடைத்தால்தான் போகும்.

இப்போது புதிதாகச் சூரியத் தகடுகள் வந்திருக்கின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம், போடலாம். மூன்று கிலோவாட்டுக்கு முந்நூறு சதுர அடி வேண்டும். தகடுகளுக்கு இருபத்தைந்து ஆண்டு ஆயுள் சொல்கிறார்கள். அவற்றின் கால்களை நிறுத்தத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடிப்பது பல இடங்களில் வழக்கம். ஒவ்வொரு துளையும் ஒரு குழாய் வாய். ஐந்து ஆண்டு உழைக்கும் பூச்சின்மேல் இருபத்தைந்து ஆண்டு நிற்கும் தகட்டை ஏற்றினால், நடுவில் தளத்தைப் பழுதுபார்க்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தளத்தை முதலில் சரிசெய்து, துளை போடாமல் கான்கிரீட் கட்டைகள்மேல், காற்றுக்குத் தாங்கும் கனத்தில் நிறுத்தச் சொல்வதற்கு வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மானியம் வாங்கித் தரும் நிறுவனம் இதை முதலில் சொல்லாது.

அடுக்குமாடிகளில் கதை வேறு. அங்கே ஒழுகுவது மேல்தளத்துக்காரருக்கு மட்டும். சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசினால் மற்றவர்கள் மொபைலைப் பார்ப்பார்கள். 'உங்க வீட்டுப் பிரச்சினை சார், நீங்க பாத்துக்குங்க.' கார் நிறுத்த மட்டும் கீழ்த்தளம் எல்லோருக்கும் பொது. மொட்டை மாடி மழைக்காலத்தில் மட்டும் ஒருவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப் பகுதிகள் என்று வரையறுக்கும் பட்டியலில் மொட்டை மாடியும் இருக்கிறது. பழுதுச் செலவு எல்லா வீட்டுக்கும் பங்கு. அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், தெரிவித்த முப்பது நாளில் கட்டியவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஒழுகும் மாடி இதற்குள் அடங்கும். ஐந்தாம் ஆண்டு முடிகிற வரை டப்பா வாங்கிச் சமாளித்துவிட்டு, ஆறாம் ஆண்டு இந்தப் பிரிவைத் தேடுபவர்கள்தான் அதிகம்.

சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுபவருக்கு அந்தச் சட்டம் துணை வராது. அவர் கையில் இருப்பது ஒப்பந்தத் தாள். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வாசல் கதவு எந்த மரம், டைல்ஸ் சதுர அடி என்ன விலைக்குள், கழிப்பறைக் குழாய் எந்தக் கம்பெனி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். மாடிக்கு ஒரே வரி: 'மேல்தளம் வெதரிங் கோர்ஸ் போட்டுத் தரப்படும்.' எத்தனை அங்குலம், சுண்ணாம்பா சிமென்டா, வாட்டம் எந்தப் பக்கம், குழாய் எத்தனை என்று எதுவும் இராது. பணம் தீர்ந்துபோன கடைசி மாதத்தில்தான் இந்த வேலை வருகிறது. அதனால் குறைப்பதும் இதில்தான். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் பூஜையறைக் கதவைத் தடவிப் பார்ப்பார்கள். மாடிக்கு ஏறினால் நிலாவைப் பார்ப்பார்கள்.

அந்த ஒரு வரியை ஆறு வரியாக்குவதற்குப் பணம் செலவாகாது. கூடவே ஒரு நிபந்தனையும் எழுதலாம்: கடைசித் தவணைக்கு முன், குழாய் வாய்களைத் துணியால் அடைத்து, மாடியில் இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திக் காட்ட வேண்டும், பிறகு துணியை எடுத்துவிட்டு எங்கே தேங்குகிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். கட்டுமான அனுமதி கொடுக்கும் உள்ளாட்சிகள் மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்கின்றன. தொட்டிக்குத் தண்ணீர் வந்து சேருகிறதா என்பதையும் இதே சோதனையில் பார்த்துவிடலாம்; நிறைவுச் சான்றிதழுக்கு இதை ஒரு நிபந்தனையாக்கினால் அரசுக்கும் காசு செலவில்லை.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்களுக்கு நேரம் புரட்டாசி. பெருமழை தொடங்க இன்னும் சில வாரம் இருக்கும். துடைப்பம், ஒரு வாளி, கரித்துண்டு போதும். மாடியைக் கூட்டி, குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்து, கம்பி ஜாலி இல்லையென்றால் ஒன்று வாங்கிப் பொருத்த வேண்டும். சின்டெக்ஸ் தொட்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். வழிகிற தொட்டி வருடம் முழுக்கப் பெய்கிற மழை. தட்டோடுகளை விரல் முட்டியால் தட்டினால், அடியில் கலவை விட்டுப்போன ஓடு 'டொக்' என்று வேறு குரலில் சொல்லும். அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. பிறகு குழாய்க்கு எதிர் மூலையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காபி குடிக்கப் போகலாம்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் குட்டைகள் தம் இடத்தைக் காட்டிக்கொண்டு இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டால் அது மூழ்குகிறதா என்று பார்த்து, மூழ்கும் குட்டையை மட்டும் சுற்றிக் கரியால் கோடு போட வேண்டும். காய்ந்தபின் கொத்தனாரைக் கூப்பிட்டு, அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பத்துப் பன்னிரண்டு ஓடுகளைப் பெயர்த்து மட்டம் பார்த்துப் பதிக்கச் சொன்னால் இரண்டு நாள் வேலை. பெயின்ட் டப்பா வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பின் வருகிற முதல் மழை முடிவு செய்துகொள்ளும்.